கிணற்றில் குமிழ்கள்

என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலை பார்ப்பவர். வண்டியின் பின்னால் நின்று, கம்பியோடு கம்பியை முடுக்கிப் பூமிக்குள் இறக்குவதுதான் அவர் தொழில். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நிற்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். நான் மட்டும் என்ன, மெதுவாகப் பேசுகிறவளா? எங்கள் குடும்ப விவகாரத்தைத் தெருவே இலவசமாகக் கேட்டுக்கொள்ளும்.

இந்த மனிதருக்குப் போன வருடம் படபடப்பு வந்தது. படுத்தால் தூக்கமில்லை. நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை, மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் காலையில், சரியாக நான் நடக்கிற வழியில் பாயை விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். தண்ணீர்க் குடத்தோடு நான் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போயிடுமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மூடினாத்தான்டி எல்லாம் தெரியுது. போட்ட குழி ஒவ்வொண்ணா வந்து நிக்குது. முன்னெல்லாம் ஆள் உயரத்துக்குத் தண்ணி பீச்சும். இப்ப வண்டியில இருக்கிற கம்பி மொத்தமும் இறக்கினாலும் புழுதிதான் வருது. நாளைக்கு நம்ம புள்ளைங்க எதக் குடிக்கும்?"

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "எழுந்து வேலைக்குப் போங்க" என்றேன்.

என் தங்கச்சி புருஷனை இழந்தவள். ஊருக்கு வெளியே நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள், எல்லாம் மரக்கன்றுகள். பூச்செடி வைத்தால் சட்டென்று விற்கும் என்று எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டேன். "பூ ரெண்டு நாள்ல வாடிடும்க்கா. மரம் நம்மளத் தாண்டியும் நிக்கும்" என்பாள். அங்கே இருக்கும் ஒரு கிணறுதான் அவளுக்குச் சோறு போட்டது. அந்த வேலிக்கு அப்பால் அடுக்குமாடி எழும்பியது. அதற்குப் போர் போட வந்தது இவருடைய முதலாளியின் வண்டி.

தங்கச்சி ஓடி வந்தாள். "மாமா, நீங்களே என் வயித்துல அடிக்கலாமா?"

"நான் போடலேன்னா வேற வண்டி வரும்மா. அவன் மேலாப்புல கொஞ்சம் கேசிங் பைப்ப இறக்கிட்டுப் போயிடுவான். நான் உன் கிணத்து ஆழத்தத் தாண்டி இறக்குறேன். உன் தண்ணி ஒரு சொட்டு அந்தக் குழிக்குள்ள போகாது."

மண் சரியாமலிருக்க இறக்குகிற குழாய் அது. பாறை தட்டியதும் நிறுத்திவிடுவார்கள். இவரோ கட்டடக்காரர் முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாறைக்குள்ளும் இறக்கினார். வெகுநாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எனக்கும் நிம்மதிதான். அவர் கேட்டிருந்தால் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் தங்கச்சியோடு கிணற்றடியில் நின்றேன். அந்தப் பக்கம் கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது. குழிக்குள் காற்றை அடித்துத்தான் புழுதியை வெளியே தள்ளுவார்கள். திடீரென்று கிணற்றுத் தண்ணீரில் ஒரு குமிழ் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு உலை கொதிப்பதுபோல் கிணறே பொங்கியது. அங்கே அடிக்கிற காற்று இங்கே வருகிறது! குழாய்க்குக் கீழே, பாறை விரிசல் வழியாகக் குழியும் கிணறும் ஒன்றாகிவிட்டன.

"நிறுத்துங்க மாமா!" என்று அலறினாள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? நான் வேலி தாண்டி ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். எட்டிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாறைன்னா விரிசல் இருக்கும்னு தெரியாதவனா நான்? இங்க இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்டி" என்றார்.

வண்டியை நிறுத்திக் கம்பியை மேலே எடுத்தார். முதலாளி அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பினார். மறுநாளே வேறு வண்டி வந்து மிச்சத்தையும் துளைத்தது. தண்ணீர் பீச்சியடித்ததும் அங்கே கைதட்டினார்களாம். பாவிகள்! கொஞ்ச நாளில் தங்கச்சியின் கிணற்றில் சேறு தெரிந்தது.

கன்றுகளை எல்லாம் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசல், படிக்கட்டு, மொட்டைமாடி என்று கால் வைக்க இடமில்லை. "நம்ம வீட்டு போர் உங்க மாமா போட்டது, நல்ல ஆழம். வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோடி" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டாள், வேலையில்லாத மனிதர் ஓஸ் பைப்பைப் பிடித்தார். வாடிக்கிடந்த கன்றுகள் நிமிர்ந்தன. அவரும் கொஞ்சம் தூங்கினார்.

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாலஞ்சு நாளா எங்க மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் ஏற மாட்டேங்குது. உங்களுக்கும் அப்படித்தானா?"

எங்கள் கன்றுகளின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றதை அவளும் பார்த்தாள்.

தங்கச்சிதான் போய்க் குழாயை மூடினாள். மூடிவிட்டுக் கன்றுகளுக்கு நடுவே நின்று வாய்விட்டு அழுதாள். தெருவுக்கே கேட்கப் பேசுகிற நான், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் முணுமுணுத்தேன்: "இனிமே இதுக்கெல்லாம் எடுக்க மாட்டோம்மா. இப்பப் போய் மோட்டாரப் போட்டுப் பாருங்க."

அவள் போய்ப் போட்டாள். என் வீட்டுக்காரர் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே நின்றார்.

"வெறும் மோட்டார்தான்டி ஓடுது" என்றார்.