பச்சையாகிப் போன ஒரு வரி

இன்று எனக்குக் கொடுத்த வேலை சின்னதுதான். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் ப்ரோக்ராமில் இருக்கும் விளக்கக் குறிப்புகள் கோணல்மாணலாக இருக்கின்றனவாம். "நாளைக்கு ஆடிட் வருதும்மா, அலைன்மெண்ட் மட்டும் சரி பண்ணிடு போதும்" என்றார் சூப்பர்வைசர்.

சரிசெய்து, மெஷினில் ஏற்றி, திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன்.

சானமாவு காட்டுப் பகுதியில் பஸ் நின்றது. "யானைங்க ரோட்ல நிக்குதுங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் டிரைவர்.

சும்மா இருக்க முடியாமல் போட்டோவைப் பெரிதாக்கினேன்.

ஒரு குறிப்பு முடிகிறது என்று காட்டும் அடையாளத்தை அழித்திருக்கிறேன். கீழே இருந்த வரியும் குறிப்போடு சேர்ந்து பச்சையாகிவிட்டது. பச்சை எழுத்தில் இருப்பது வெறும் குறிப்பு, மெஷின் அதைப் படிக்காது. பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது என்று சொல்லும் வரி அது.

செகண்ட் ஷிப்ட் ஆபரேட்டர் மஞ்சண்ணாவைக் கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே போனால் எல்லார் போனும் லாக்கரில்தான். பஸ்ஸே யானையைப் பார்த்துப் பயந்தது. எனக்கு அவருடைய விரல்கள்தான் தெரிந்தன.

டீ டைமில் அவரே கூப்பிட்டார். "ஏன் மேடம் இத்தனை மிஸ்டு கால்?"

"மெஷினத் தொடாதீங்கண்ணா!"

"எங்க தொடறது? நீங்க அழகா அடுக்கி வச்சத சூப்பர்வைசர் ஒவ்வொருத்தரா கூட்டியாந்து காட்டிட்டிருக்காரு. இன்னும் ஓட்டவே விடல."

மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டேன். யானைகள் போய்விட்டன, பஸ் கிளம்பியது.

அடுத்து சூப்பர்வைசரிடம் பேச வேண்டும். அவ்வளவு பெருமையாகக் காட்டிக்கொண்டிருப்பவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது, யாராவது சொல்லுங்களேன்.