இயந்திர மனிதனுக்கு முள் சிக்காது

1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று இருபது. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. அந்த நேரத்தில் தூறல் மட்டும். கல்கத்தாவின் டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில், வீட்டுக்காரர்களின் சாப்பாட்டு அறையில், என் தொண்டையில் இலிஷ் மீனின் முள் ஒன்று சிக்கிக்கொண்டது. எனக்கு வயது ஒன்பது. மீன் தொடாத குடும்பம் எங்களுடையது. ஏழு தலைமுறையாக யாருக்கும் நேராத விபத்து இது. ஏழு என்பது அம்மா சொன்ன கணக்கு, நான் சரிபார்த்ததில்லை.

அந்த முள்ளைத் தேடிப் போய் விழுங்கியவன் நான்தான். அதற்குக் காரணம் வானொலியில் வந்த ஒரு தொடர் நாடகம்.

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழே முக்காலுக்கு அது ஒலிபரப்பாகும். வங்காளியில் இருபத்தைந்து நிமிடம். ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு. அதில் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவருடைய மருமகள், குடும்ப வைத்தியர், சமையற்காரர், தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவன். அந்த ஐவரில் ஒருவர் மனிதர் இல்லை. இறந்துபோன விஞ்ஞானி ஒருவர் தோலும் நகமும் குரலும் வைத்துச் செய்த இயந்திரம். யார் என்பதைக் கடைசி வாரத்தில்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் அந்த மாதங்களில் கால்பந்தைவிட அதிகமாகப் பேசப்பட்டது இதுதான்.

வீட்டுக்காரர் மனைவியை நாங்கள் மாஷிமா என்று அழைப்போம். அவர்களுடைய டிரான்சிஸ்டரைச் சுற்றித்தான் நாங்கள் உட்காருவோம். மறுநாள் மாலை மொட்டை மாடியில் விவாதம் நடக்கும். மாஷிமாவின் மகன் கோகன் என் வயதுக்காரன்; வைத்தியர்தான் இயந்திரம் என்று சாதித்தான். மழையில் வந்தாலும் அவர் ஒரு தடவைகூடத் தும்மவில்லை என்பது அவன் ஆதாரம். எதிர்வீட்டுக் காப்பீட்டுக்காரர் மருமகளைச் சந்தேகித்தார். எந்தப் பெண்ணும் மாமனாரிடம் இத்தனை வாரம் பொறுமையாக இருக்க மாட்டாள் என்றார். அதைக் கேட்ட அவர் மனைவி அன்று இரவு அவருக்குச் சாப்பாடு போடவில்லை என்று பேச்சு. சமையற்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர் உப்புப் பார்ப்பதே இல்லை.

எங்கள் எல்லோரையும் தோற்கடித்தவள் கோகனின் அக்கா. கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளை நானும் தீதி என்றுதான் கூப்பிடுவேன். அவள் சொன்னது இது: ஒவ்வொரு வாரமும் நாடகத்தில் ஒரு சாப்பாட்டுக் காட்சி வருகிறது. எல்லோரும் இலிஷ் சாப்பிடுகிறார்கள். மாணவன் மட்டும், எனக்குப் பருப்பு போதும் என்கிறான். ஏன்? தோல் செய்யலாம், குரல் செய்யலாம். இலிஷ் மீனின் பொடி முள்ளைப் பிரித்தெடுக்கும் நாக்கையும் தொண்டையையும் எந்த விஞ்ஞானியாலும் செய்ய முடியாது. அதனால் அவன்தான் இயந்திரம்.

காப்பீட்டுக்காரர்கூடத் தலையாட்டினார். பிறகு கோகன் என் பக்கம் திரும்பினான்.

“அப்போ கீழ்வீட்டு மதராஸிங்க எல்லாருமே ரோபோட்டுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் தீதி இன்னொன்று சொன்னாள்.

“பாவம், அவனுக்கே அது தெரியாது. தன்னை மனுஷன்னுதான் நெனச்சிட்டிருக்கான்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. என்னைப் பற்றிய சாட்சியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான் மீன் சாப்பிடுவதில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். மாடிப்படி இருபத்திரண்டு, ஜன்னல் கம்பி ஒன்பது. மாஷிமா என்னை ஒருநாள் மெச்சிக்கொண்டு, இவன் கணக்குப் போடும் இயந்திரம் என்று சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேல், நான் பிறந்ததைக் கல்கத்தாவில் யாரும் பார்க்கவில்லை. எங்கள் வழக்கப்படி அம்மா பிரசவத்துக்குத் தன் பிறந்தவீட்டுக்குப் போய்விட்டாள். ஆறாம் மாதம் என்னைத் துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார்கள். ‘கொண்டுவந்தோம்’ என்றுதான் அப்பா எப்போதும் சொல்வார். மூட்டை முடிச்சுகளோடு என்னையும் எண்ணி இறக்கினாராம்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், நான் நிஜமாகவே அவளுக்குப் பிறந்தேனா என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “இல்லடா, தவிட்டுக்கு வாங்கினோம்,” என்றாள். எல்லா அம்மாக்களும் பிள்ளைகளைச் சீண்டச் சொல்வதுதான். அந்த வாரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கோகனிடம் மட்டும் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை. மிகுந்த அக்கறையோடு என் மார்பில் காதை வைத்துக் கேட்டான்.

“டிக் டிக்னு கேக்குதுடா.”

“உனக்கு?”

தன் மார்பில் தானே காது வைக்க முடியாது, நான் வைத்துக் கேட்கலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை; அந்தச் சோதனை அத்தோடு நின்றது. மிச்சம் இருந்தது ஒரே வழி: இலிஷ் சாப்பிட்டுப் பார்ப்பது. சதைத் தொண்டை என்றால் முள் சிக்கும், இரும்புத் தொண்டை என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றான் கோகன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாஷிமா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதுண்டு. எனக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி. மீன் சட்டியின் பக்கம்கூட என் தட்டு போகாது. இவன் அம்மா என்னை நம்பி அனுப்புகிறாள் என்பார். அதனால் அவர் பருப்பு எடுக்க அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்தோம். கோகன் தன் துண்டில் பாதியைப் பிய்த்து என் சோற்றுக்குள் புதைத்தான். கடுகுக் குழம்பின் காட்டம் கண்ணில் நீரை வரவழைத்தது. மென்றேன். விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தியா,” என்றான் கோகன், பரிதாபமாக. “சிக்கவே இல்ல.”

பயத்தில் மீதியையும் வாயில் போட்டு மெல்லாமலேயே விழுங்கினேன். அப்போதுதான் குத்தியது.

வலி என்றால் அப்படி ஒரு வலி. எச்சில் விழுங்கினால் குத்தியது, விழுங்காவிட்டாலும் குத்தியது. துப்பினேன், இளஞ்சிவப்பாக வந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இத்தனை வருடங்களில் வேறு எந்த நல்ல செய்தியும் தந்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். மாஷிமா ஓடிவந்து பார்த்தார்; என் தட்டில் கிடந்த மீன் தோலைக் கண்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வெறும் சோற்றை உருட்டி ஐந்து கவளம் கொடுத்தார். முள் அசையவில்லை. தீதி கீழே போய் அப்பாவை மட்டும் அழைத்துவந்தாள். அம்மா மதியத் தூக்கத்தில் இருந்தாள். அது என் அதிர்ஷ்டம்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மாஷிமாவை அவர் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் அழைப்பார்; வங்காளியில் கேட்டது ஒரே கேள்விதான்.

“பௌதி, வயித்துத் துண்டா, முதுகுத் துண்டா?”

“முதுகு,” என்றார் மாஷிமா.

“அதானே. முதுகுன்னா கவை முள்ளாத்தான் இருக்கும். சோத்துக்கு இறங்காது.”

மாஷிமா அப்பாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். துக்கம் தாங்காமல் போகிறார் என்று நினைத்தேன்.

கைரிக்‌ஷாவில் போனோம். வழியில் நிறுத்தி அப்பா இரண்டு வாழைப்பழம் வாங்கி, பாதி மென்றதும் விழுங்கு என்றார். அதற்கும் முள் இறங்கவில்லை. ஞாயிறானாலும் நாங்கள் தேடிப்போன வைத்தியர் வீட்டிலேயே இருந்தார். அகன்ற வாயுடைய பெரியவர். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஊர்ப் பையனா என்று கேட்டார்.

“பிறந்தது அங்கே. முள் சிக்கினது இங்கே,” என்றார் அப்பா.

“அப்போ இந்த ஊர்தான்,” என்று சொல்லி வைத்தியர் சிரித்துக்கொண்டே இடுக்கியை உள்ளே விட்டார். வெளியே வந்த முள் அரை அங்குலம்கூட இல்லை. நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. குரல் வந்ததும் நான் முதலில் கேட்டது, உள்ளே எல்லாம் சதைதானா என்று.

“வேறென்ன, இரும்பா? நல்ல சதை. டான்சில்தான் கொஞ்சம் பெரிசு.”

அந்த டான்சிலை நினைத்து அன்று முழுக்க எனக்குப் பெருமை. இப்போதும் தொண்டையில் எது உறுத்தினாலும் டார்ச்சோடு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். அன்று மட்டும் அந்த உறுத்தல் இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

திரும்பும் வழியில் அப்பா என்னைத் திட்டவில்லை. ஏன் சாப்பிட்டாய் என்றும் கேட்கவில்லை. வாசலில் இறங்கும்போது, “முருங்கைக்காய் நார் சிக்கிண்டுதுன்னு சொல்லிடு. நானும் அதையேதான் சொல்லப்போறேன்,” என்றார். அன்று எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது, அவருக்கு மறக்கவில்லை. அம்மா, இத்தனை வயதாகியும் மென்று துப்பத் தெரியாதா என்று நொந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் முருங்கைக்காயை வழித்து விழுதாகத்தான் எனக்குப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்பா தன் இலையையே பார்த்துச் சாப்பிட்டார்.

தொடரின் கடைசி வாரம் ஆகஸ்டில் வந்தது. மாணவன் வெறும் வயிற்றுக்கோளாறுக்காரன். இயந்திரம் நீதிபதிதான், வாராவாரம் இலிஷைப் பற்றி வாய் ஓயாமல் பேசி, இரண்டு துண்டு கேட்டு வாங்கி, முள்ளை உறிஞ்சிச் சாப்பிட்டவர். மனிதர்களோடு வாழ வேண்டியவன் என்பதால் விஞ்ஞானி அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாராம். தீதி டிரான்சிஸ்டரை முறைத்துவிட்டு எழுந்து போனாள். கோகன் என்னைப் பார்த்தான். மீன் சாப்பிட்டதால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று அவன் கண் சொன்னது. நான் வாயைத் திறந்து காட்டினேன். நீதிபதிக்கு ஒரு முறையும் முள் சிக்கவில்லையே.

அன்று அப்பாவும் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். நீதிபதியின் ரகசியம் வெளியானபோது அவர் மட்டும்தான் வாய்விட்டுச் சிரித்தார். “போன எடத்துல பொழைக்கத் தெரிஞ்சவன்,” என்றார் என்னிடம், தமிழில். அப்பா என்ன சொன்னார் என்று மாஷிமா கேட்க, அவர் அதையே வங்காளியில் திருப்பிச் சொன்னார். மாஷிமா மறுபடியும் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் அப்பா கிடர்பூரில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார் என்பதும், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வங்காளி மெஸ்ஸில் தங்கியிருந்தார் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அந்த மெஸ்ஸில் நாள்தோறும் என்ன சமைத்திருப்பார்கள் என்று யோசிக்கத்தான் தெரியவில்லை. மீன் சந்தையைக் கடக்கும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்ளும் மனிதர், முதுகுத் துண்டின் முள் எப்படிப் பிரியும் என்று எங்கே படித்தார் என்றும் நான் கேட்கவில்லை. என் கவலையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. நான் மனிதன். அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

வைத்தியருக்கு நான்கு ரூபாய். ரிக்‌ஷா போக நாற்பது பைசா, திரும்பி வர மழை வலுத்ததால் ஐம்பது. வாழைப்பழம் இருபது. ஆக, என் விஷயத்தில் அப்பாவுக்கு ஆன செலவு ஐந்து ரூபாய் பத்து பைசா.