காண்டிராக்டர் குடிக்காத தண்ணீர்

சுடலைமாடத்திக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷமாக உப்பளத்தில் உப்புச் சுமந்தாள்.

அந்தக் காலத்தில் ஊரில் ‘தென்கரைச் செய்தி’ என்றொரு நாளிதழ் வந்துகொண்டிருந்தது. யுத்தத்தின்போது காகிதத்துக்குப் பஞ்சம் வந்து இரண்டே பக்கமாகச் சுருங்கியும் நிற்காத பத்திரிகை. சென்னைப் பேப்பர்களில் உலகச் செய்தி இருக்கும். இதில் எந்தத் தோணி கரை வந்தது, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் இருக்கும். அளத்தில் மத்தியானச் சோற்று நேரத்தில், கூட உப்புச் சுமந்தவளும் மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்த பிலோமி அதை மற்ற பெண்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

1947 சித்திரையில் ஒருநாள், பேப்பரில் எழுதியதால் ஒரு தெருக்குழாயைச் சரிசெய்துவிட்டார்கள் என்று வாசித்தாள்.

“ஏளா, குழாய்க்கு எழுதுதவுக நம்ம தண்ணிக்கு எழுத மாட்டாவளா?” என்றாள் சுடலைமாடத்தி.

அளத்தில் குடிக்கக் கொடுத்தது துருப்பிடித்த பீப்பாய்த் தண்ணீர். உப்புக் கரித்தது; புழு நெளிந்தது. கேட்டவர்களுக்கு மறுநாள் வேலை கிடையாது.

அன்று சாயங்காலமே அவள் பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். ஆசிரியர் சங்கரபாண்டியன் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

“பேரு போடாம எழுதுதேன்மா. உன் வேலைக்கு ஆபத்து வந்துரும்.”

“பேரு போடுங்க அண்ணாச்சி. யாரோ சொன்னதுன்னா பொய்யின்னுருவாக.”

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. காலையில் மேஸ்திரி அவளை அளத்துக்குள் விடவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. பிலோமியிடம் சொல்லி அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு செம்பு மொண்டு வாங்கினாள். மூன்று மைல் வெயிலில் நடந்து ஆபீசுக்குக் கொண்டுபோனாள்.

அங்கே அளத்துக் காண்டிராக்டர் உட்கார்ந்திருந்தார். “எங்க தண்ணி ஊத்துத் தண்ணி. நாளைக்கே மறுப்புப் போடணும், இல்லன்னா கோர்ட்டுக்குப் போவேன்” என்று சங்கரபாண்டியனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுடலைமாடத்தி செம்பை மேஜையில் வைத்தாள்.

“இன்னிக்குக் காலையில மொண்டது. வெயில்ல வந்திருப்பிய. குடிங்க மொதலாளி.”

காண்டிராக்டர் செம்புக்குள் பார்த்தார். அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சங்கரபாண்டியன் நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

“நீங்க குடிச்சிட்டியன்னா மறுப்புப் போடுதேன், அண்ணாச்சி.”

காண்டிராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நடந்ததை அப்படியே மறுநாள் அச்சிட்டார்கள். டீக்கடைகளில் வாசித்து வாசித்துச் சிரித்தார்கள். அதைவிடப் பெரிய காரியம் அளத்தில் நடந்தது. அவளை உள்ளே விடும்வரை ஒரு பெண்ணும் பாத்தியில் இறங்கவில்லை. அறுபது பேரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாரிக் குவித்த உப்பு சுமக்க ஆளில்லாமல் கிடந்தது.

நான்காம் நாள் ஒரு மாட்டுவண்டி, புதுப் பீப்பாயில் நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு அளத்துக்குள் வந்தது. முதல் செம்பை மொண்டு சுடலைமாடத்தியிடம் கொடுத்தவர் அதே மேஸ்திரிதான். அவள் அண்ணாந்து முழுவதும் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள்.

“இனிக்குது. வாங்களா” என்றாள்.