ஆமை அக்கா கழற்றாத டயர்

பழுது பார்க்கும் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஆமை அக்கா என்றுதான் சொல்கிறார்கள். பஸ் டிப்போவின் டயர் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவர். மற்றவர்கள் அரை மணியில் முடிப்பதற்கு இவர் அரை நாள் எடுப்பார். கடையில் கூட இருக்கும் கணவரே, "வீட்ல காய் நறுக்கினாலும் இதே வேகம்தான் சார், பசி மரத்துப் போயிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையும் அடுப்பும் வைத்த எங்கள் வீட்டு வண்டியின் பின்கட்டிலில், பயணத்தின் நடுவே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் மனைவி கிடந்தாள். மறுநாள் மலைக்கு அந்தப் பக்கம் அறுவை சிகிச்சை. வண்டிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். வலப்பக்க உள் டயரில் தினமும் பன்னிரண்டு பவுண்டு காற்று காணாமல் போனது. மலையில் அது படுத்துவிட்டால் மொத்த பாரமும் வெளி டயர் தலையில். அதுவும் வெடித்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

"மூணு கடையில பார்த்தாச்சு. கழட்டித் தொட்டித் தண்ணியில அமுக்கினாங்க. ஒரு குமிழிகூட வரல" என்று சிடுசிடுத்தேன்.

"அப்ப நான் கழட்டலண்ணே" என்றார்.

கழற்றாமல் என்னத்தைக் கிழிக்கப் போகிறார் என்று மனசுக்குள் திட்டினேன். சக்கரத்தின் முன் சாக்கை விரித்து உட்கார்ந்து, தூரிகையால் சோப்பு நுரை தடவினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி கழித்து, "ஒரு முழம் முன்னாடி எடுங்க." எடுத்தேன். மறுபடி நுரை, மறுபடி காத்திருப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்றாவது தடவை கையசைத்துக் கூப்பிட்டார்.

உள் டயருக்கு எட்டிக் காற்றடிக்க முடியாது என்பதால், அதன் வால்விலிருந்து ஒரு குழாயை வெளியே இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் கழுத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல மிளகளவானது. குழாய் கீழே வந்து தொங்கும்போது மட்டும் அங்கே ஒரு விரிசல் வாய் திறக்கிறது.

"டயரை எடுக்கணும்னா முதல்ல இந்தக் குழாயைக் கழட்டி ஓரமா வைக்கணும். திருடனை வெளிய உட்கார வெச்சுட்டு வீட்டையே சோதனை போட்டிருக்காங்க."

இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு அவர் பாட்டுக்குக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்! புதுக் குழாய் மாட்டிய பிறகும் விடவில்லை. கணவரை ஓட்டச் சொல்லி, முழம் முழமாக நகர்த்தி, மறுபடி நுரை. இந்தத் தடவை நானும் சாக்கில் உட்கார்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. ஒன்றும் வராததை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.

விடிந்ததும் கிளம்பி மலையேறி இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து முனகல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். சத்தமே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுப் பதறிப் போய்ப் பார்த்தேன். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே, வலியிலும் டயர் பயத்திலும் நாலு நாளாகக் கண்மூடாதவள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.