பூட்டுக்கு அடங்காத கறுப்புக் கம்பி

மின்சாமான் கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பூட்டுக்காரர் என்றால்தான் தெரியும். எந்த வீட்டில் வேலைக்கு நுழைந்தாலும் முதலில் அந்த லைனை அணைக்கும் எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளுவார். அதன்மேல் சுண்டுவிரல் அளவில் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். "கரண்டு என்ன அவுத்துக்கிட்டு ஓடுற கன்னுக்குட்டியா?" என்று கடைக்காரர் கேட்பார். பூட்டுக்காரர் சிரிக்கமாட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருடைய மச்சான், மனைவியின் ஒரே தம்பி, ஒரு கம்பெனிக் கூரைக்கடியில் ஏணிமேல் நின்றவாக்கில் கரண்டடித்துச் செத்துப்போனான். சுவிட்சைத் தம் கையால் அணைத்தவர் பூட்டுக்காரர்தான். அலறல் கேட்டு ஓடிவந்தவர்கள் சுவிட்சுப் பலகையில் இருந்த எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டார்கள். எது ஏறியிருந்தது, எது இறங்கியிருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. முதலாளி "அவன் விதி" என்று முடிக்கப் பார்த்தார். பூட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசாரணையில் எழுந்து, "விதிக்குக் கை கிடையாதுங்க. அணைச்ச சுவிட்ச் ஏறணும்னா ஒருத்தர் தூக்கணும்" என்றார்.

பலகைக்குப் பக்கத்தில் அன்று இருந்தவர் காவல்காரர் ஒருவர்தான். "நான் தொடவே இல்லைய்யா" என்று அவர் அழுதார். பழி சுமக்க ஓர் ஏழை கிடைத்ததும் முதலாளி விதியைக் கைவிட்டுவிட்டார். காவல்காரருக்கு அந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை. பூட்டு வந்தது அந்த வாரம்தான்.

முழங்கால் தேய்ந்து பூட்டுக்காரரால் ஏணி ஏற முடியாமல் போன பிறகு ஏறுகிறவள் அவர் மனைவி. ஐந்து வருஷமாகிறது. வேலை சுத்தம், வாய் அதைவிடக் கூர்மை. அவள் மேலே இருக்கும்போது அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தம்பி போன வழியில் அக்காவும் போய்விட்டால் என்ற நினைப்பு ஒவ்வொரு படியிலும் அவளோடு சேர்ந்து ஏறும்.

அன்றைய வேலை ஒரு கேரேஜ் கதவுக்குத் தனி லைன் இழுப்பது. கதவைத் தூக்கும் மோட்டார், மூலையில் இருந்த பெரிய ஃப்ரீசர், விளக்குகள் எல்லாம் ஒரே லைனில் தொங்கின. ஃப்ரீசரும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் லைன் தானாக அணைந்துவிடும், கதவு பாதியில் நிற்கும். புதிய எம்.சி.பி., அதிலிருந்து புதுக் குழாயில் மூன்று கம்பிகள், எல்லாம் காலையிலேயே போட்டாயிற்று. கூரைக்கடியில் கம்பிகள் சேரும் பழைய பெட்டியிலிருந்து மோட்டாரைப் பிரிப்பதுதான் பாக்கி.

"மெயினை மட்டும் தொடாதீங்க, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் மாடி ஏ.சி. அறைக்குப் போயிருந்தார். பூட்டுக்காரர் கேரேஜ் லைனை அணைத்தார், பூட்டினார், பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"மூணாவது தடவையும் இழுத்துடுங்க, குறை எதுக்கு" என்றாள் மனைவி, ஏணி மேலிருந்து. பெட்டியின் மூடியைக் கழற்றி டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. சிவப்புக் கம்பிகளைப் பிரித்தாள். கரண்டு திரும்பிப் போகும் கறுப்புக் கம்பிகளின் முறுக்கில் கையை வைத்தவள் ஒரு கணம் நின்றாள்.

"ஏங்க, இது ஏன் சூடா இருக்கு?"

அணைத்துக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. ஆறிப்போயிருக்க வேண்டும். பூட்டுக்காரர் ஏணியை இறுக்கிப் பிடித்தார். கத்தினால் அவள் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் கை இழுபடும்.

"பிரிக்காதம்மா. மெதுவா கையை எடு" என்றார். அது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பிறகு, கம்பியைப் பிரிக்காமலே ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் கொக்கியைக் கறுப்புக் கம்பியைச் சுற்றி மாட்டினாள். நாலு ஆம்பியர் காட்டியது. பூட்டிய லைனில், சாவி சட்டைப்பையில் இருக்க, நாலு ஆம்பியர்.

மாடி ஏ.சி.க்குத் தனி நியூட்ரல், அதாவது தனிக் கறுப்புக் கம்பி, இழுக்கச் சோம்பல்பட்ட எவனோ இந்தப் பெட்டியிலிருந்து கிள்ளிக்கொண்டு போயிருக்கிறான். முறுக்கு சேர்ந்திருக்கும்வரை டெஸ்டர் எரியாது. பிரித்த நொடியில் ஏ.சி. வழியாக வரும் மின்சாரம் அவள் கைகளுக்கு நடுவில் வந்து நின்றிருக்கும்.

அவள் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் அவர் மாடிக்குப் போய், மெயினை இறக்க வேண்டும் என்றார்.

"கேரேஜ் வேலைக்கு மெயின் எதுக்கு? போன தடவை வந்தவர் எதையும் அணைக்காமலே செஞ்சாரே. நீங்க ரொம்பப் பயப்படுறீங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அவர் செஞ்சதைத்தான் சார் இப்ப நாங்க பார்த்துட்டு வர்றோம். உங்க மீட்டிங் முடியற வரைக்கும் உக்காந்திருக்கோம். மெயின் இறங்காம அவ ஏற மாட்டா."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மெயினை இறக்கிப் பூட்டி, மாடிக்கு அதன் சொந்த நியூட்ரலை இழுத்து, மோட்டாரைப் புது லைனில் கோத்தார்கள். மெயின் ஏறியதும் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருக்கும்போதே கதவு நிற்காமல் மேலே போனது.

கருவிப் பையைக் கட்டும்போது அவள் கேட்டாள். "அன்னிக்கு என் தம்பி எந்தக் கம்பியைப் பிரிச்சான்?"

மீட்டரில் அந்த நாலு ஆம்பியரைப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். "கறுப்பு. கையிலேயே இருந்தது."

"யாராவது அதுல மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?"

"நான் பாக்கல. இதேதான் நடந்துச்சுன்னும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

"அப்ப காவல்காரர் தொட்டாருன்னு மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

விதியைக் கேள்வி கேட்ட வாய், தன் ஊகத்தை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏணிக்கடியில் நின்று ஐந்து வருஷம் பயந்தது இதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. காவல்காரர் இருக்கும் தெரு அவருக்குத் தெரியும். அதைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றிப் போவதும் அவள் அறியாததல்ல.

"கதவைத் திறப்பாரா?" என்றார்.

"திறக்கலைன்னா வெளியில நின்னு சொல்லுங்க. தெருவுக்கும் கேக்கட்டும்" என்று சொல்லி, அவள் ஏணியின் முன்பக்கத்தைத் தூக்கினாள். அவர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். காவல்காரர் தெருவின் முனை வந்தபோது, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவர்கள் சுற்றிப் போகவில்லை.