பரீட்சைக்குக் கொடுத்த தலை

முட்டாள்தனத்தில் எனக்கு முப்பது வருட அனுபவம், முடிவெட்டுவதில் இருபத்தெட்டுதான். அந்த இரண்டு வருட சீனியாரிட்டி அன்றைக்கு வேலையைக் காட்டியது.

மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சலூன். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி சிதம்பரம் போய், அங்கே ஒரு பயிற்சி மையத்தில் தொழில் சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பவர்களில் ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். கணவருக்கு வலது கையில் அடிபட்டு, கத்தரி பிடிக்க முடியாமல் கடை நாலு மாதமாகச் சாத்திக் கிடந்தது. சான்றிதழ் வாங்கி அதைத் தானே திறப்பதென்று வந்தவர். பரீட்சைக்கு வெட்டிக்கொள்ள ஒரு ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும்.

"பொம்பளைகிட்ட ஷேவிங் பண்ணிக்க எவன் வருவான் மாஸ்டர்?" என்றார்.

"என் மச்சான் வருவான், விடுங்க," என்றேன்.

என் மனைவியின் தம்பி. அண்ணாகிராமத்தில் முந்திரி போட்டிருக்கிறான். காடு மாதிரி முடி, ஒரு வாரத் தாடி. பரீட்சைக்கென்றே செய்த முகம். முதல் நாள் போன் போட்டு, "நாலு பேரு பாக்கிற எடம், கொஞ்சம் டீசன்ட்டா வா," என்று சொல்லிவைத்தேன்.

பரீட்சையன்று காலையில் வந்து இறங்கினான். ஒட்ட வெட்டிய தலை, மழமழவென்று கன்னம், பவுடர் வேறு.

"என்னடா இது?"

"நீங்கதான மாமா டீசன்ட்டா வரச் சொன்னீங்க."

அந்த அம்மா அவன் தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இதை விட்டால் அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம்.

மிச்சமிருந்தது என் தலைதான். அடுத்தவர் கையில் அதைக் கொடுக்கப் பயந்து இரண்டு மாதமாக வளர்த்து வைத்திருந்தேன். பரீட்சை அதிகாரி சம்மதித்தார். "ஆனா ஒரு வார்த்தை, ஒரு ஜாடை காட்டுனீங்க, அந்தம்மா ஃபெயில்."

முடிவெட்டுகிறவன் தலை சும்மா இருக்காது. கத்தரி வருகிற பக்கத்துக்கு, யாரும் சொல்லாமலே சாய்ந்து கொடுக்கும். என்னுடையதும் சாய்ந்தது. அந்த அம்மா இரண்டு விரலால் உச்சியைப் பிடித்து நேரே நிறுத்தினார். மறுபடி சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார், இந்த முறை நகம் பட்டது.

பிறகு முகத்தில் நுரை. கத்தியை எடுத்தார். காலையில் பலூனில் நுரை தடவி மழித்துப் பழகிய அதே கத்தி, உள்ளே அதே பிளேடு. மாற்றாமல் முகத்தில் வைத்தால் அங்கேயே ஃபெயில். சொல்ல வேண்டியது என் தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணாடியில் அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

புது பிளேடின் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. பழைய பிளேடு டப்பாவில் 'டிங்' என்று விழுந்தது. நான் விட்ட மூச்சில் மீசையடி நுரை பறந்து போய் அவர் புடவையில் ஒட்டிக்கொண்டது.

அதிகாரி என் இரண்டு கிருதாவையும் மாறிமாறிப் பார்த்தார். கன்னத்தைப் புறங்கையால் தடவினார். "பாஸ்மா. போய்க் கடையத் தொறங்க."

அந்த அம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தீங்களா, முக்கா மணி நேரம் வாயே தொறக்கல. அதனாலதான் பாஸு," என்றேன் அந்த அம்மாவிடம்.

"வகுப்புலயும் அப்படியே இருங்க மாஸ்டர்."