வாயில் வராத பெயர்

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் நான் வார்டு நர்ஸாக இருந்தேன். பள்ளிப்படிப்பு செய்யாறு பக்கம், தமிழ் மீடியம். நர்சிங்கில் நோய்களின் பெயர்களை எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்தேன். பரீட்சைத் தாளில் பிழையில்லாமல் எழுதுவேன். வாய்விட்டுச் சொல்லும்படி என்னை யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் திருவேற்காட்டிலிருந்து ஒரு ஷேர் வேன் டிரைவரைக் கூட்டிவந்தார்கள். முந்தின நாள் பிரேக்கை மிதிக்கப் போனபோது காலில் பலம் இல்லையாம். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் அவளுடைய அண்ணன், இருவர் தோளிலும் கைபோட்டுக் காலை இழுத்து இழுத்து வந்தார். முகத்தில் மட்டும் சிரிப்பு.

"ஒண்ணியும் இல்ல சிஸ்டர். காலு லீவு கேக்குது, அவ்ளோதான்."

டியூட்டி டாக்டர் அவர் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. "ஜி.பி.எஸ். மாதிரி தெரியுது. இங்க வச்சுக்க முடியாது, இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லி, சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். வீட்டாருக்கு விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

நரம்புகளைத் தாக்கும் அந்த நோயை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே நோய் கண்ட ஒருவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். காலில் தொடங்கும் பலவீனம் கைக்கு ஏறும், பிறகு நெஞ்சுக்கு. ஆனால் டாக்டர்கள் எல்லோரும் அதை மூன்று எழுத்தில்தான் சொல்வார்கள். முழுப் பெயரை ஒருவர் உச்சரித்து நான் கேட்டதே இல்லை.

"இன்னா நோவு சிஸ்டர்? பேரு இன்னா?" என்று மனைவி கேட்டாள்.

சீட்டில் முழுப் பெயரும் ஆங்கிலத்தில் இருந்ததை இருந்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தேன். "குயிலைன் பார்." பிறகு சொன்னேன்: "இது மேல ஏறும்மா. மூச்சு விடவே கஷ்டமாயிடும். வீட்டுக்குக்கூடப் போகாதீங்க, நேரா போயிடுங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள் சர்க்கரைக்காகச் சேர்ந்திருந்தார். அவருடைய மகன் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் சிரித்தார்.

"சிஸ்டர், அது குயிலும் இல்ல, மயிலும் இல்ல. கியான் பாரே. பிரெஞ்சுப் பேரு." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இவங்களுக்குப் பேரே சொல்ல வரல. டாக்டர் வந்ததும் அவர்கிட்டயே கேட்டுக்குங்கம்மா" என்றார்.

வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த டிரைவரும் சிரித்தார். மனைவி சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள், என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தாள், கடைசியாக என் கைகளைப் பார்த்தாள். அதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மூச்சைப் பற்றி மறுபடியும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒரு தபா எண்ணெ போட்டு நீவி உட்டா சரியாப்பூடும். இதுக்குப் போயி ஆம்புலன்ஸா?" என்றான் அவள் அண்ணன்.

டிரைவரை அவருடைய வேனிலேயே ஏற்றினார்கள். நான் வாசல்வரை ஓடினேன். "நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே?"

"ஆமா ஆமா" என்றான் அண்ணன். வண்டி பூந்தமல்லிப் பக்கம் திரும்பியது.

அன்று மதியம் லேப்டாப்காரர் தன் அம்மாவின் கையில் நான் ஊசி ஏற்றக்கூடாது என்றார். தலைமை நர்ஸ் என்னைத் தனியே அழைத்தார். "அந்த ஆளு கம்ப்ளெயின்ட் குடுத்துட்டான்மா. கொஞ்ச நாள் ஓ.பி.ல இரு." அவர் குரலில் கோபமில்லை. பட்டாபிராமில் என் வீட்டுக்கு வந்து, அந்தப் பெயரை ஒரு வெள்ளைக்காரி சொல்வதை போன் வீடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டேன். "யாருடைய பேரு அது?" என்று என் கணவர் கேட்டார். நான் மறுபடியும் அதைப் போட்டுக் கேட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரில் அந்த டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள்தான் முதலில் பேசினாள்.

"ஊட்டுக்குத்தான் இட்டுகினு போனோம் சிஸ்டர். எண்ணெ தேச்சி உட்டோம். காலைல பார்த்தா பேச்சு கொழறுது, மூச்சு இழுக்குது. அப்பறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினோம். தொண்டைல ஓட்டை போட்டு மிஷின் வெச்சாங்க. ரொம்ப நாள் கெடந்தாரு. சளி கட்டிகினு போய்ச் சேந்துட்டாரு."

ஆட்டோ ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"அந்த லேப்டாப்பு ஆளு சிரிக்கசொல்லோ நானும் சிரிச்சேன். பேரே தெரியாதவங்களுக்கு நோவு எங்க தெரியப்போவுதுன்னு நெனச்சுகினேன். அன்னிக்கே போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

"சொல்ல முடியாதும்மா. உடனே போனவங்களும் சில பேரு பிழைக்கிறதில்ல" என்றேன். அது உண்மைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பொய்போல் ஒலித்தது.

அவள் என் பக்கம் குனிந்தாள். "எல்லாரும் இன்னா நோவுன்னு கேக்குறாங்கோ. எனக்குச் சொல்ல வரல. அந்தப் பேர ஒரு தபா சொல்லுங்க."

"கியான் பாரே" என்றேன். நிறுத்தி, தெளிவாக, பழகிவைத்திருந்தபடியே.

அவள் தலையை ஆட்டினாள். "இது இல்ல சிஸ்டர். நீங்க அன்னிக்கு வேற சொன்னீங்க. குயிலுன்னு வரும்."

இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவள் நம்பவில்லை. அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. கடைசியில், "குயிலைன் பார்" என்றேன்.

"ஆங், இதான்." உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இறங்கிப் போனாள்.

இப்போது ஆவடியில் வேறொரு மருத்துவமனையில் இருக்கிறேன். புதிதாக வரும் பெண்கள் உச்சரிப்புக்கு என்னிடம்தான் வருகிறார்கள். நான் ஒரு பெயரைச் சொன்னால் வீட்டார் உடனே தலையாட்டுகிறார்கள். அவர்கள் அப்படி ஆட்டும்போதெல்லாம் எனக்கு அந்த டிரைவரின் மனைவி நினைவுக்கு வருகிறாள். திருவேற்காட்டில் யாரோ ஒருவர் கேட்க, அவள் என் பிழையை அப்படியே, தன் கணவரின் நோயாக, சொல்லிக்கொண்டிருப்பாள். பூந்தமல்லிக்குப் போக வேண்டியிருந்தால் திருவேற்காடு வழியாகப் போகும் வண்டியில் நான் ஏறுவதில்லை. நேரமானாலும் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.